பண்ணைக்குரிய சராசரி மழை: கட்டத் தரவைக் கொண்டு மதிப்பிடும் முறை

வேளாண்மைத் திட்டம் எதுவாயினும் அதன் முதற்கணக்கு மழைக்கணக்கே. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் சேர்கிறது. ஆண்டுச் சராசரியை மதிப்பிடுவதில் 200 மில்லி மீட்டர் பிழை நேருமாயின், ஹெக்டேருக்கு 20 லட்சம் லிட்டர் நீர் கணக்கில் தவறிவிடும். பண்ணைக் குட்டையின் கொள்ளளவு, பாசனத் தேவை, பயிர்த் தேர்வு ஆகிய யாவும் இப்பிழையால் பாதிக்கப்படும்.

பயிர்க் காப்பீட்டிலும் இதன் விளைவு பெரிது. 2016ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படையிலான காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீடு பெரும்பாலும் குறிப்பிட்ட வானிலை நிலையத்தின் பதிவைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. நிலையத்தின் மழையும் வயலின் மழையும் வேறுபடுமானால், நட்டமுற்ற உழவர் இழப்பீடு பெறாமற்போக நேரிடும்.

கட்டத் தரவு என்பது யாது?

ஒவ்வொரு பண்ணையிலும் மழைமானி இருப்பதில்லை. இக்குறையை ஈடு செய்யக் கட்டத் தரவு உதவுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடெங்குமுள்ள 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு, 1901ஆம் ஆண்டு முதலான நாள் மழையளவை கால் பாகை இடைவெளியுள்ள புள்ளிகளுக்குக் கணக்கிட்டு, 2014இல் வெளியிட்டது. அருகிலுள்ள நிலையத்துக்கு மிகுந்த மதிப்பும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தரப்படுகின்றன. ஆகவே கட்டப்புள்ளியின் எண் நேரில் அளக்கப்பட்டதன்று. சுற்றியுள்ள அளவுகளிலிருந்து பெறப்பட்டது.

திருவனந்தபுரம் காட்டும் பாடம்

கால் பாகைக் கட்டம் ஒன்று திருவனந்தபுரத்தின் அட்சரேகையில் ஏறத்தாழ 760 சதுர கிலோ மீட்டர் பரப்புடையது. மாவட்டத்தின் பரப்போ 2,192 சதுர கிலோ மீட்டர். அதாவது மூன்று கட்டங்களுக்கும் குறைவு. சங்குமுகம் கடற்கரையிலிருந்து 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவிலேயே உள்ளது. கடற்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால், கடலோரத்தைவிட மலையடிவாரத்தில் மழை மிகுதி. மலைமுகட்டுக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை விரைந்து குறைகிறது. ஓரிரு கட்டங்களுக்குள் இத்தனை மாறுபாடும் அடங்கிவிடுகிறது.

மலையில் நேரடியாக அளக்க வேண்டிய தேவை புதிதன்று. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் 1837இல் நிறுவப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரௌன் 1855இல் அகத்தியமலையிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

கணக்கிடும் முறை

நெடுமங்காட்டுக்குக் கிழக்கே, வட அட்சரேகை 8.60, கிழக்குத் தீர்க்கரேகை 77.10 பாகையில் ஒரு பண்ணை உள்ளதெனக் கொள்வோம். அதைச் சூழ்ந்த நான்கு புள்ளிகளையும் அவற்றின் பங்குகளையும் முதலில் காண வேண்டும். தென்மேற்குப் புள்ளியிலிருந்து பண்ணை கிழக்கே 0.10 பாகையும் வடக்கே 0.10 பாகையும் தள்ளியுள்ளது. இதனை 0.25ஆல் வகுத்தால் 0.4 கிடைக்கும். எனவே பங்குகள்: தென்மேற்கு 0.36, தென்கிழக்கு 0.24, வடமேற்கு 0.24, வடகிழக்கு 0.16. இவற்றின் கூட்டுத்தொகை 1.

விளக்கத்திற்காக, இப்புள்ளிகளின் முப்பதாண்டுச் சராசரி முறையே 1,800, 2,400, 2,600, 1,500 மில்லி மீட்டர் எனக் கொண்டால், பண்ணையின் மதிப்பீடு 648 + 576 + 624 + 240 = 2,088 மில்லி மீட்டராகும்.

இத்துடன் நின்றுவிடலாகாது. வடகிழக்குப் புள்ளி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைப்பகுதியைச் சார்ந்தது. அதன் எண் மேற்குச் சரிவின் பண்ணைக்குப் பொருந்தாதிருக்கலாம். எனவே, அதே சரிவில் ஏறத்தாழ அதே உயரத்திலுள்ள மழைமானி ஒன்றைத் தேர்ந்து திருத்தம் செய்ய வேண்டும். அம்மானியின் பத்தாண்டுச் சராசரி 2,310 எனவும், அம்மானி உள்ள இடத்திற்கு அதே ஆண்டுகளில் கட்டத் தரவு தரும் மதிப்பு 2,100 எனவும் கொண்டால், விகிதம் 1.10. இதனால் 2,088ஐப் பெருக்கினால், திருத்திய சராசரி ஏறத்தாழ 2,297 மில்லி மீட்டர். இரு பருவமழைகளும் பெறும் இம்மாவட்டத்தில் இவ்விகிதத்தை மாதவாரியாகக் காண்பதே சிறந்தது.

எச்சரிக்கைகள்

சராசரியாக்கும் முறையில் பெருமழை குறைந்தும் சிறுமழை நாள்கள் பெருகியும் தோன்றும். ஆகவே நீண்டகாலச் சராசரிக்குப் பயன்படும் இத்தரவை, ஒரு நாள் வெள்ளத்துக்கோ ஒரு வயலின் வறட்சிக்கோ தனிச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. நாட்கணக்கையும் ஒத்துப் பார்க்க வேண்டும்: இந்திய நிலையங்களில் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. உலக நேரப்படி அமைந்த தரவுகளில் காலை 5.30 மணிக்கு முடிகிறது. ஒப்பிடும் மழைமானியின் பதிவு கட்டத் தரவில் முன்பே சேர்ந்திருக்குமாயின், அது தனித்த சோதனையாகாது.

மதிப்பீட்டைப் பதிவு செய்யும் அலுவலர், எந்தப் புள்ளிகள், எந்த ஆண்டுகள், எந்த மழைமானி, என்ன விகிதம் ஆகிய நான்கையும் உடன் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால்தான் பிறர் அதனைச் சரிபார்க்க இயலும். எண்ணுக்குப் பின்னால் ஓர் உழவரின் முதலீடு இருப்பதால், இச்சரிபார்ப்பு அவருக்குரிய பாதுகாப்பாகும். கட்டத் தரவு பெருகப் பெருக மழைமானிகள் தேவையற்றுப் போவதில்லை; தரவின் நம்பகத்தன்மை அவற்றின் எண்ணிக்கையையும் ஒழுங்கான பதிவையுமே சார்ந்துள்ளது.