அறிக்கை எடுக்கத் தனிச் சாவி



மாசக் கூட்டம் வந்தாலே நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் பரபரப்புதான். எந்தக் குழுவுக்கு எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு உள்கடன், யார் பாக்கி என்ற அறிக்கையைக் கம்ப்யூட்டரில் எடுத்தாக வேண்டும். அதில் நாங்கள் செய்த ஒரு தவறையும், அதைச் சரிசெய்த விதத்தையும் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

என்ன நடந்தது?

நம் கணக்கெல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. அதிலிருந்து அறிக்கை எடுக்க லிப்ரெஆபீஸ் பேஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பதிவு போடுபவர், அறிக்கை எடுப்பவர் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தோம்!

ஒரு மாதம், ஒரு சகோதரியின் கடன் பாக்கி 1,500 ரூபாய் என்பது 15,000 என்று அறிக்கையில் வந்துவிட்டது. "என்னக்கா இது, நான் எப்போ இவ்வளவு வாங்கினேன்?" என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டார். நல்லவேளை, அவருடைய பாஸ் புத்தகமும் குழுப் பேரேடும் இருந்தன. இரண்டிலும் 1,500 தான்.

விசாரித்ததில் புரிந்தது இதுதான். அறிக்கைக்காக அட்டவணையைத் திறந்த யாரோ, தெரியாமல் ஒரு பூஜ்யத்தைத் தட்டியிருக்கிறார். பேஸில் அடுத்த வரிக்குப் போனாலே முந்தின வரியில் செய்த மாற்றம் பதிவாகிவிடும். யார் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லோரும் ஒரே பெயரில்தானே நுழைகிறோம்!

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு

குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்கக் கையெழுத்துப் போடுபவர்கள் சிலர்தான். ஆனால் வரவு செலவை எல்லா உறுப்பினரும் பார்க்கலாம். டேட்டாபேஸிலும் அப்படித்தான். பார்க்கும் உரிமைக்கு 'செலக்ட்' என்று பெயர். சேர்க்க 'இன்சர்ட்', திருத்த 'அப்டேட்', அழிக்க 'டெலிட்'. அறிக்கைக்கு 'செலக்ட்' மட்டும் போதும்.

இணைப்பது எப்படி?

1. டேட்டாபேஸைப் பராமரிப்பவரிடம் சொல்லி, அறிக்கைக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். நம் கணக்குக்கு 'செலக்ட்' உரிமை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' பயனரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

2. பேஸைத் திறந்து, ஏற்கெனவே உள்ள டேட்டாபேஸுடன் இணைப்பதைத் தேர்வு செய்து, மைஎஸ்கியூஎல்லைக் காட்டுங்கள்.

3. நேரடி இணைப்பைத் தேர்வு செய்தால் மூன்று விவரம் கேட்கும். சர்வர் என்பது வீடு, போர்ட் என்பது கதவு, டேட்டாபேஸ் பெயர் என்பது உள்ளே இருக்கும் பீரோ. கணக்கு அதே கம்ப்யூட்டரில் இருந்தால் சர்வர் 'லோக்கல்ஹோஸ்ட்'. வேறு கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் முகவரி. போர்ட் வழக்கமாக 3306.

4. புதிய பயனர் பெயரைக் கொடுத்து, பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். 'டெஸ்ட் கனெக்‌ஷன்' பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இணையவில்லையா?

பயப்படாதீங்க. பிழை எண்ணைப் பாருங்கள்.

1045: பெயர் அல்லது பாஸ்வேர்டு தப்பு. அல்லது அந்தப் பயனருக்கு இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நுழைய அனுமதி இல்லை.

1049: அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. எழுத்துப் பிழை இருக்கும்.

2003: சர்வரையே தொட முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா, வயர் சரியா, முகவரியும் போர்ட்டும் சரியா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

இணைந்ததும் அட்டவணையில் ஒரு எண்ணை மாற்ற முயன்று பாருங்கள். மாற்ற விடக்கூடாது. விட்டால், அடுத்த வரிக்குப் போகாமல் உடனே 'எஸ்கேப்' அழுத்துங்கள். உரிமை கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நம் அலுவலகத்தில் பதிவு போடும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அறிக்கைக்கு வேறு பெயர். மானிட்டரில் ஒட்டிய சீட்டைக் கிழித்தாச்சு, பழைய பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு.

சகோதரிகளே, கம்ப்யூட்டர் வந்துடுச்சேன்னு பாஸ் புத்தகத்தைப் பரணில் போட்டுடாதீங்க. ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் உள்ள உங்கள் தொகையைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அன்று அந்தச் சகோதரியைக் காப்பாற்றியது அதுதான்.