கச்சான் காலத்தில் சூரியகாந்தி

சென்ற ஆண்டு மே மாத இறுதியில் எங்கள் முற்றத்தில் 12 சூரியகாந்தி விதைகளை நட்டேன். எல்லாம் முளைத்தன. ஆனால் ஜூன் முடிவதற்குள் 7 கன்றுகள் வாடிச் செத்தன. தண்ணீர் ஊற்ற மறந்ததனால் அல்ல. ஒவ்வொரு நாளும் இரண்டு பூவாளி ஊற்றியும்தான் அவை செத்தன. அந்தத் தவறிலிருந்து கற்றதையே வீட்டுத்தோட்டம் செய்யும் தோழியருக்கும் பெற்றோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ளது. நிலம் மணல். எமக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கிறது. ஆண்டின் நடுப்பகுதியில் வீசுவது கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கமாக இறங்கும்போது சூடாகி வரண்டுவிடுகிறது. அதனால்தான் அங்கே வெள்ளம் என்று செய்தி வரும் நாளில் இங்கே புழுதி பறக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. கரையோர மணலுக்குள் மழைநீர் தேங்கி நிற்பது, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையாகத்தான். நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் அது மேலே நிற்கிறது. கோடையில் அதை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறி வரும்.

ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் உம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். “தேத்தண்ணி உப்புக் கரிக்குது. கிணத்துத் தண்ணி பூவுக்கா, நமக்கா?” என்றார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பூவாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் உம்மம்மா என்னைப் பாத்திக்கு அழைத்துச் சென்றார். முதல்நாள் வரை நான் செய்தது போலவே ஒரு வாளித் தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் சிரட்டையால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே இரண்டு விரல் ஆழம் ஈரம். அதற்குக் கீழே மண் காய்ந்து உதிர்ந்தது. “மகள், நீ ஊத்துற தண்ணி வெயிலுக்குப் போகுது, வேருக்குப் போகல்ல” என்றார். செத்த கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் விரல் நீளம்கூட இல்லை.

பிழை எங்கே என்பது அப்போது புரிந்தது. சூரியகாந்தி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதன் ஆணிவேர் நல்ல மண்ணில் 2 மீற்றர் ஆழம் வரையும் செல்லக்கூடியது. வரட்சியைத் தாங்கும் வலிமை அந்த வேரில்தான் இருக்கிறது. ஆனால் ஈரம் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் வேர் கீழே இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, நான் பாடசாலை விட்டு வந்து பகல் இரண்டரை மணிக்குத்தான் தண்ணீர் தெளித்தேன். அந்த வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி ஆவியாகியிருக்கும்.

ஜூலை தொடக்கத்தில் 7 விதைகளை மீண்டும் நட்டேன். இம்முறை செய்தவை இவை:

ஒவ்வொரு குழியிலும் கூட்டெரு கலந்தேன். மணல் தானாக நீரைப் பிடித்து வைக்காது. விதையை வளர வேண்டிய இடத்திலேயே நட்டேன். பிடுங்கி நட்டால் ஆணிவேர் சேதமடையும். முதல் இரண்டு வாரம் மட்டும் தினமும் சிறிது நீர். பின்னர், செடியைச் சுற்றி வரம்பு கட்டி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை அஸருக்குப் பின் செடிக்கு 3 லீற்றர் வீதம் அடியிலேயே மெதுவாக ஊற்றினேன். வரம்புக்குள் தென்னந்தும்பையும் காய்ந்த இலைகளையும் மூடுபடையாகப் பரப்பினேன்.

தண்ணீர் கிணற்றிலிருந்து புதிதாக அள்ளியதல்ல. வுழூச் செய்யும் இடத்தில் ஒரு பேசினை வைத்தோம். அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரும் சேர்ந்தது. சவர்க்காரம் கலந்த நீரை மட்டும் சேர்க்கவில்லை.

நண்பகலில் இலைகள் தொங்கும்போது மனம் பதறும். ஆவியுயிர்ப்பினால் இழக்கும் நீரை வேர் உடனே ஈடுசெய்ய முடியாததாலேயே அப்படி நிகழ்கிறது. மாலையில் இலைகள் தாமாக நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலும் தொங்கினால்தான் நீர் தேவை. மொட்டு வைத்துப் பூக்கும் காலத்தில் மட்டும் நீரைக் குறைக்கக் கூடாது.

கணக்கையும் பாருங்கள். முன்பு நாளொன்றுக்கு 20 லீற்றர். மூன்று நாட்களுக்கு 60. இப்போது தப்பிய 5 செடிகளையும் சேர்த்து 12 செடிகளுக்கு மூன்று நாட்களுக்கு 36 லீற்றர். அதுவும் ஒருமுறை பயன்படுத்திய நீர்.

புதிய கன்றுகளில் ஒன்றைக் கோழி கிளறிவிட்டது. மற்ற ஆறும் செப்டெம்பரில் பூத்தன. பூக்கள் எல்லாம் கிழக்கு நோக்கியே நின்றன. முதிர்ந்த சூரியகாந்தி சூரியனோடு திரும்புவதில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். விதை எடுத்த பின் ஒரு செடியைத் தோண்டினோம். வேர் என் முழங்கை நீளத்தையும் தாண்டிச் சென்று அறுந்தது.

உம்மா அந்த வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். “அடுத்த வருசம் கத்தரிக்கும் இப்படித்தான் ஊத்தணும்” என்றார். வாப்பா பூவாளியைத் திரும்ப எடுத்துத் தந்தார்.

தோழியரே, உங்கள் வீட்டுச் செடி வாடினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். முதலில் ஒரு சிரட்டையை எடுத்து மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அறிந்த பின் ஊற்றுங்கள். செடியும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும்.