காப்பும் கருவூலமும்: காசநோய்த் தடுப்பாய்வுகள் உணர்த்தும் பாடம்

முன்னுரை

நூல் செய்யப் புகும் புலவர் முதலில் காப்புச் செய்யுள் பாடுதல் தமிழ் மரபு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் பத்துப் பருவங்களுள் முதலாவதாக நிற்பது காப்புப் பருவமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இம்மரபைப் போற்றினர். குழந்தை செங்கீரை ஆடுவதற்கு முன்னரே, தாலாட்டுக் கேட்பதற்கு முன்னரே, அதற்குக் காப்பு வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட வரிசைமுறை.

ஆட்சியாளரின் வரவு செலவுத் திட்டத்திலோ இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகி விடுகின்றது. வந்த நோயைத் தீர்க்கும் மருத்துவமனைக்குக் கட்டடம் உண்டு. கட்டடத்திற்குக் கல்வெட்டும் திறப்பு விழாவும் உண்டு. வராமற் போன நோய்க்கு விழா எடுப்பார் யார்? தமக்கு நோய் வராமற் காத்தமைக்காக அரசுக்கு நன்றி கூறும் மனிதரை நாம் கண்டதில்லை. தாம் காக்கப்பட்டதை அவரே அறியார். தடுப்பு மருத்துவ ஆய்வுக்குக் குரல் கொடுப்போர் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். நாம் மருத்துவர் அல்லோம், தமிழ் பயிற்றுவிப்போர். எனினும், பொதுப்பணம் எதற்குச் செலவாகின்றது என்பதை எண்ணிப் பார்க்கும் கடமை கற்றோர் அனைவர்க்கும் உரியது. ஆதலின், நம் மண்ணோடு தொடர்புடைய காசநோய் ஆய்வுகள் மூன்றினை எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு அரசு செலவிட்ட பணம் மக்களுக்கு ஈட்டித் தந்தது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கலீஃபா உமர் (ரலி) காட்டிய வழி

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிப் பயணம் செய்தபோது, அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியுள்ளது என்னும் செய்தி சர்க் என்னுமிடத்தில் அவர்களுக்கு எட்டியது. வரலாற்றில் அம்வாஸ் கொள்ளைநோய் என வழங்கப்பெறுவது இதுவே. உமர் (ரலி) முஹாஜிர்களை அழைத்துக் கலந்தார்கள். அன்ஸாரிகளை அழைத்துக் கலந்தார்கள். குறைஷி மூத்தோரையும் கேட்டார்கள். பின்னர்த் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவன் விதித்த விதியினின்று தப்பி ஓடலாமா என அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் கருத்தமைய விடையிறுத்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டா, அவ்வூரில் இருப்போர் அதனின்று வெளியேற வேண்டா என்னும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைக்க, அம்முடிவு உறுதிப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியன இரண்டு. மக்களை நோயினின்று காத்தல் ஆட்சியாளரின் பொறுப்பு என்பது ஒன்று. அப்பொறுப்பு வெறும் துணிவால் நிறைவேறாது. அறிந்தோரிடம் கேட்டு, சான்று தேடித் தெளிந்த பின்னரே நிறைவேறும் என்பது மற்றொன்று. இக்காலத்தில் அச்சான்றினைத் தேடும் முறைக்கே ஆய்வு என்று பெயர். ஆய்வுக்குப் பொருள் வேண்டும்.

சேத்துப்பட்டு: வீடா, விடுதியா?

காசநோயைத் தமிழ் மக்கள் எலும்புருக்கி நோய் என்றனர். சயரோகம் என்றும் வழங்கினர். எலும்பையும் உருக்கும் கொடுமையை அப்பெயரே சொல்லும். மருந்து தோன்றாக் காலத்தில் நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து, தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் கிடைக்கும் காசநோய் விடுதியில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே மருத்துவமாகக் கருதப்பெற்றது. தாம்பரத்தில் அத்தகைய விடுதி ஒன்று இருந்தமையை மூத்தோர் அறிவர். நாட்டில் இருந்த நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட, விடுதிப் படுக்கைகள் மிகச் சில. ஏழைக்கு அங்கே இடம் கிடைத்தல் அரிதாயிற்று.

ஐசோனியசிட் என்னும் மருந்து 1952இல் வழக்கிற்கு வந்தபின் ஒரு வினா எழுந்தது. மருந்து கிடைத்துவிட்ட நிலையில் நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாகாதா? அவ்வாறு செய்தால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு நோய் தொற்றிவிடாதா? இவ்வினாவிற்கு விடை காண 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் இணைந்து இதனைத் தொடங்கின. நான்கும் பொதுப்பணத்தால் இயங்குவன என்பது இங்கு நோக்கத்தக்கது.

சென்னையைச் சேர்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் விடுதியில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டிலிருந்தோர்க்கு விடுதியில் கிடைத்த நல்லுணவும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தும், அவர்கள் பெற்ற குணம் விடுதியிலிருந்தோர் பெற்றதற்கு ஒப்பவே இருந்தது. முடிவுகள் 1959இல் வெளியாயின. குடும்பத்தாரைத் தொடர்ந்து கண்காணித்தபோது மேலும் ஓர் உண்மை புலனாயிற்று. மருந்துண்ணும் நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தமையால் அவர்களுக்கு நோய் மிகுதியாக வரவில்லை. தொற்று நிகழ்ந்ததெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே. ஆகவே, பிறரைக் காக்கும் வழி நோயாளியைப் பிரித்து வைத்தலன்று, காலந்தாழ்த்தாமல் கண்டறிந்து மருந்து தொடங்குதலே என்பது நிலைநாட்டப்பெற்றது.

இவ்வாய்வின் பயனாய் உலகெங்கும் காசநோய் விடுதிகளின் தேவை குறைந்தது. இந்தியாவில் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. படுக்கைக்குப் பணமில்லாத நாட்டில் ஆய்வுக்கு ஏன் பணம் என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வாய்வுதான் படுக்கையே இல்லாமல் எண்ணற்றோர் மருத்துவம் பெற வழி செய்தது.

செங்கற்பட்டு: தோல்வியா, தெளிவா?

இரண்டாவது ஆய்வு பி.சி.ஜி. தடுப்பூசி பற்றியது. அத்தடுப்பு மருந்தை உருவாக்கும் ஆய்வகம் 1948இல் கிண்டியில் அமைந்தது. 1950களில் நாடெங்கும் தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, இராஜாஜி 1955இல் அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஆதரித்தோர் பிற நாட்டு ஆய்வுகளைக் காட்டினர். பிரிட்டனில் பள்ளிப் பருவத்தாரிடையே நடந்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காப்பு கிடைத்ததென்னவோ உண்மை. ஆனால் நம் மண்ணில், நம் மக்களிடையே அது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இரு சாராரிடமும் சான்று இல்லை.

அச்சான்றினைத் தேடி 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மிகப் பெரும் ஆய்வொன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குத் தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தற்ற நீர்மம். யாருக்கு எது என்பது போட்டவர்க்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் அம்மக்கள் கண்காணிக்கப்பட்டனர். கிடைத்த முடிவு பலர்க்கும் ஏமாற்றமளித்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்க அவ்வூசி பயன்படவில்லை.

இத்துணைப் பணமும் காலமும் வீணாயினவா? இல்லை என்பதே நம் துணிபு. பெரியவர்க்கும் இவ்வூசியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என நாடு நம்பியிருந்திருப்பின், அந்நம்பிக்கையே நோய்க்கு நிழல் கொடுத்திருக்கும். மூளையுறையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளினின்று பச்சிளங் குழந்தைகளைக் காப்பதால் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது இன்றும் தொடர்கின்றது. பெரியவர்க்கு வேறு காப்புத் தேட வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்று பிரித்துக் காட்டுவதும் கல்வியே. ஒரு பண்டம் பயன்படாது என மெய்ப்பிப்பதற்காக அதனை விற்கும் வணிகர் பதினைந்து ஆண்டு செலவிட முன்வருதல் அரிது. பொதுமக்களின் பணமே அதற்குத் துணிய முடியும்.

ஜார்க்கண்ட்: அரிசியும் பருப்பும்

சேத்துப்பட்டு மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் பெற்றது. அந்நிறுவனமும் பங்கு கொண்ட மூன்றாவது ஆய்வு ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்தது. மருத்துவர்களான அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் அதனை முன்னின்று நடத்தினர். பசிக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை ஏழை மக்கள் என்றோ அறிவர். எனினும், உணவளித்தால் நோயைத் தடுக்க முடியும் என்பதை அளந்து காட்டினாலன்றோ அரசு அதற்குத் திட்டம் வகுக்கும்?

2,800 நோயாளிகளின் குடும்பங்களிலிருந்து 10,345 பேர் இவ்வாய்வில் சேர்ந்தனர். நோயாளிகள் அனைவர்க்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும், நோயில்லாத குடும்பத்தினர்க்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே எல்லா வகைக் காசநோயும் சேர்ந்து 39 விழுக்காடும், ஆய்வகச் சோதனையால் உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. நாட்டின் காசநோய்த் திட்டம் நோயாளிகளுக்கு மாதந்தோறும் வழங்கிவந்த 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. குடும்பத்தினரையும் உணவு உதவிக்கு உட்படுத்தும் முடிவும் அவ்வாண்டே வந்தது.

அரசே ஏன் செலவிட வேண்டும்?

மேற்கண்ட மூன்று ஆய்வுகளின் முடிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோம். வீட்டிலிருந்தே குணம் பெறலாம் என்பது ஒன்று. இவ்வூசி பெரியவர்க்குப் பயன்படாது என்பது ஒன்று. அரிசியும் பருப்பும் நோய் தடுக்கும் என்பது ஒன்று. இம்மூன்றில் எதனையேனும் புட்டியில் அடைத்து விற்க இயலுமா? இயலாது. புதிய மருந்து காணும் ஆய்வில் வணிகர் முதலிடுவர். அதில் ஆதாயம் உண்டு. அரிசிக்கு எவரும் காப்புரிமை பெற முடியாது. ஆதாயம் மக்கள் அனைவர்க்கும் சென்று சேரும் ஆய்வுக்கு, மக்கள் அனைவரின் பணத்தைக் காக்கும் கருவூலமே பொருள் தர வேண்டும். இதுவே நாம் கூற விழைவது.

இன்று உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். நாட்டின் மொத்த உற்பத்தியில் அறிவியல் ஆய்வு அனைத்திற்குமாகச் செலவாகும் தொகையோ 2020–21ஆம் ஆண்டுக் கணக்கின்படி 0.64 விழுக்காடே. இதில் வேளாண்மை, விண்வெளி, பாதுகாப்பு எனப் பல துறைகளும் அடங்கும். நோய்த் தடுப்புக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மேலும், தடுப்பாய்வு ஓராண்டில் விளைவதன்று. செங்கற்பட்டிற்குப் பதினைந்து ஆண்டு வேண்டியிருந்தது. ஆட்சிகள் மாறினும் அறுபடாத நிதியே இத்தகைய ஆய்வைத் தாங்கும். இடையில் நிறுத்தப்பட்ட ஆய்வு பாதி கட்டிய பாலம் போல்வது. போட்ட பணமும் போய், கடக்கவும் முடியாது.

முடிவுரை

பணம் மட்டும் ஆய்வை நடத்திவிடாது என்பதையும் மறத்தலாகாது. சென்னையின் நெருக்கடி மிகுந்த வீடுகளில் வாழ்ந்த நோயாளிகளும், திருவள்ளூர்ச் சிற்றூர்களில் கைநீட்டி ஊசி போட்டுக்கொண்ட உழவர்களும், ஜார்க்கண்டின் ஏழைக் குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டமையாலேயே இவ்வறிவு கிட்டியது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் தந்ததைப் பயன்படுத்தாமல் விடுதல் நன்றி மறத்தலாகும்.

நம் மஹல்லாக்களில் இன்றும் திருமணப் பேச்சுக்கு அஞ்சிக் காசநோயை மறைப்போர் உளர். மறைக்கும் நாள்களிலேயே தொற்று நிகழ்கின்றது என்பதைச் சேத்துப்பட்டு ஆய்வு காட்டிவிட்டது. இதனை ஜமாஅத் பெரியவர்கள் எடுத்துரைத்தால் கேட்போர் பலர். நோயுற்ற ஏழைக் குடும்பத்திற்கு உணவளித்தல் அறம் மட்டுமன்று, நோய்த்தடுப்பும் ஆகும் என்பதையும் அவர்கள் அறிவிக்கலாம். மாணவர்களுள் அறிவியல் பயில்வோர் தடுப்பாய்வுத் துறையை நாட வேண்டும். தமிழ் பயில்வோர் அவ்வாய்வு முடிவுகளைப் பாமரர்க்கும் விளங்கும் தமிழில் தர வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் மருத்துவமனை வேண்டும் என்று கேட்கும் நாம், அதனோடு தடுப்பாய்வுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்பார் இருந்தாலன்றிக் கருவூலம் திறவாது. காக்கப்பட்டவர் தாம் காக்கப்பட்டதை அறியாராதலின், அவர்களுக்காகக் கேட்கும் பொறுப்பு கற்றவர்மேல் விழுகின்றது என்பதே இக்கட்டுரையின் முடிபு.