ஓசூர்ச் செடி வேண்டாம்

ஓசூர்,
ஆவணி மாதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. மொட்டை மாடியில் ரோஜா வைக்கப் போகிறாய் என்று கேட்டதும் சந்தோஷம்தான். ஆனால், "நீங்க ஓசூர்லதானே இருக்கீங்க, அங்கேருந்து நல்ல செடியா நாலு அனுப்புங்க பெரியம்மா" என்றாயே, அதை மட்டும் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே இருக்கிறது. வெயில் காலத்திலும் விடியற்காலையில் காற்று சில்லென்று வரும். அமுதகொண்டபள்ளிப் பக்கம் பசுமைக்குடில் போட்டு, சொட்டுநீரில் உரத்தை அளந்து கலந்து ரோஜா வளர்க்கிறார்கள். காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜா அப்படி வளர்ந்ததுதான். அந்தச் செல்லப்பிள்ளையைச் சென்னையில் உன் கொடுங்கையூர் மாடியில் அக்னி நட்சத்திரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? சாகாது, ஆனால் பூ பாதியாகச் சிறுத்து, நிறம் வெளுத்து, ஒரே நாளில் உதிரும்.

நீ பன்னீர் ரோஜா வை. நர்சரியில் எட்வர்டு ரோஜா என்றும் சொல்வார்கள். இதன் சொந்தக்காரர்களான பூர்பன் ரோஜாக்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தோன்றியவை. வெயிலும் கடற்காற்றும் அவற்றுக்குப் புதிதல்ல. கடைப் பூ மாதிரி நீளக் காம்பில் நிற்காது, கொத்தாகப் பூக்கும். வாசனை மட்டும் அடுத்த வீட்டு மாடிவரை போகும். சிவப்பு வேண்டுமென்றால் ஆந்திரா சிவப்பு ஒன்று வாங்கிக்கொள். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டு முடிச்சுக்குக் கீழே கிளம்பும் போத்தை உடனே ஒடித்துவிடு. ஏழு இலை வந்தால் காட்டுச்செடி, ஐந்து வந்தால் நல்லது என்பார்கள். அதை நம்பாதே, எங்கிருந்து கிளம்புகிறது என்று மட்டும் பார்.

கொடுங்கையூர்ப் பக்கம் ரோஜாவைக் கெடுப்பது தண்ணீர்தான். மணலி ஆலைப் புகை, குப்பைமேட்டுப் புகை என்று எல்லோரும் காற்றையே குறை சொல்வார்கள். நெஞ்சுக்கு ஆகாத புகைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ஒரு காலத்தில் கரிப்புகையில் இருந்த கந்தகமே ரோஜாவின் கரும்புள்ளி நோயை அண்டவிடாமல் வைத்திருந்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறையக் குறைய, அந்த நோய் தலையெடுத்தது. அதனால் புகையைப் பொறுத்தவரை, இலையில் சாம்பலும் லாரிப் புழுதியும் படியும்போது காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் போதும். சாயங்காலம் இலையை நனைக்காதே. இரவு முழுக்க ஈரம் நின்றால் கரும்புள்ளி வரும்.

உப்புத் தண்ணீருக்கு அப்படிச் சுலபமான வழி கிடையாது. போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும், புது இலை மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவோம். உரமும் ஒரு வகை உப்புதான், செடி இன்னும் சோரும். மெட்ரோ தண்ணீரில் ஒரு குடம் செடிக்கென்று ஒதுக்கு. மாதம் ஒருமுறை அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடி வெளியேறும்வரை ஊற்றி, மண்ணில் தங்கிய உப்பை அலசிவிடு. மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட உசத்தி எதுவும் இல்லை. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பலர் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள், ரோஜா பக்கம் கொண்டுபோகாதே.

மண்ணுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டுச்சாணம், ஒரு பங்கு மணல், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து கறுப்பாக, மக்கிப்போன மண்ணை யாராவது சும்மா கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதே. பேட்டரியும் பெயின்ட்டும் சேர்ந்து மக்கிய கலப்புக் குப்பை அது. ஈயம் இருக்கக்கூடும். பக்கத்துத் தொட்டியில் நீ கீரையும் வைப்பாய், குழந்தையும் மண்ணில் கை வைக்கும்.

உரத்துக்குக் காசிமேட்டு மீன் சந்தை இருக்க நமக்கென்ன கவலை! மீன் குடல், செதிலோடு அதே எடைக்கு வெல்லம் போட்டு மூடி ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். உப்பு போட்டுக் கழுவிய மீன் தண்ணீரை மட்டும் ஊற்றாதே. முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் என்று வீடியோவில் காட்டுவதையெல்லாம் பெரிதாக நினைக்காதே, கெடுதல் இல்லை, அவ்வளவுதான். கோடையில் மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பானால் இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்ததும் அடி. இலை நனைவதில் இதற்கு மட்டும் விலக்கு.

கவாத்து விஷயத்தில் நான் புத்தகத்தோடு ஒத்துப்போவதில்லை. சமவெளிக்கு அக்டோபர் முதல் வாரம் என்று எழுதியிருக்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். வெட்டுவாய் காயும் முன் மழை பிடித்தால் குச்சி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். நுனிக்கருகல் அது. அதனால் புரட்டாசி பிறந்ததும் வெட்டிவிடு. தவறினால் பொங்கல்வரை பொறு. கத்தரியை டெட்டாலில் துடை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டு, வெட்டிய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அதுபோல நின்றால் தரையில் வைத்த ரோஜாவுக்கு வேர் அழுகும். மாடித் தொட்டிக்கு அந்தப் பயமில்லை, அடித்துளை அடைபடாமல் இருந்தால்.

பன்னீர் ரோஜாச் செடிக்குக் காசு செலவு செய்யாதே. தெருவில் யார் வீட்டு வாசலில் பன்னீர் ரோஜா இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் கவாத்து செய்யும் நாளில் பென்சில் கனத்தில் நாலு குச்சி கேட்டு வாங்கி நடு. நாலில் இரண்டாவது துளிர்க்கும்.

அன்புடன்,
பெரியம்மா