மின் ஜெட்: பறக்கும் முன் அளந்து பார்



இன்றைய பாடத்தை என் தோல்வியில் இருந்தே தொடங்குகிறேன்.

மூன்று மாதம் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் என் முதல் மின் ஜெட்டை வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் திடலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓரத்தில் சில பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பறக்க விட்டதே முதல் தப்பு. ஜெட் அழகாகக் கிளம்பியது. முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் விசிறிச் சத்தம் சட்டென்று நின்றது. கையில் கட்டுப்பாடு இருந்தும் உயரம் இல்லை, வேகமும் இல்லை. இரண்டு கிலோ எடை நேராகக் கீழே வந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

அவன் பயப்படவில்லை. உடைந்த மூக்கை எடுத்து வந்து, "அண்ணே, இந்தாங்க" என்று சிரித்தான். எனக்குத்தான் கை நடுங்கியது.

பார்த்தவர்கள் எல்லாரும் "சிக்னல் போயிருக்கும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரிசீவர் நன்றாக இருந்தது, மோட்டாரும் விசிறியும் தப்பியிருந்தன. அதே வகையில் நான் வாங்கி வைத்திருந்த இரண்டாவது பேட்டரியை மாட்டி, நடுவில் ஒரு வாட் மீட்டரை வைத்து முழு த்ராட்டல் கொடுத்தேன். சில விநாடிகளிலேயே வோல்ட் 19-க்கு இறங்கியது. அந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தும்படி வேகக் கட்டுப்படுத்தி அமைக்கப்பட்டிருந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் வேலையை நான்தான் செய்யவில்லை. ஐந்து நிமிடச் சோதனையைத் தரையிலேயே செய்திருந்தால் அந்த ஜெட் மேலே போயிருக்கவே போயிருக்காது.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் ஒன்றுதான்: லேபிளை நம்பிப் பறக்காதே, அளந்து பார்த்துப் பற.

1. ஜெட் ஏன் இவ்வளவு மின்சாரம் தின்கிறது?

நம் மின் ஜெட்டில் உண்மையான ஜெட் எஞ்சின் கிடையாது. ஒரு குழலுக்குள் சின்ன விசிறி, அதன் பின்னால் ஒரு மோட்டார், அவ்வளவுதான். இதைக் கடைக்காரர்கள் 'இடிஎஃப்' என்பார்கள்.

படகு தள்ளுவதை யோசித்துப் பாருங்கள். அகலமான துடுப்பு இருந்தால் மெதுவாகத் தள்ளினாலே படகு போகும். துடுப்புக்குப் பதில் ஒரு கரண்டியைக் கொடுத்தால்? அதே படகை நகர்த்தக் கரண்டியைப் படுவேகமாக ஆட்ட வேண்டும், கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். பெரிய புரொபெல்லர் துடுப்பு மாதிரி. 70 மில்லிமீட்டர் விசிறி கரண்டி மாதிரி. அது கொஞ்சம் காற்றையே பிடிக்கிறது, அதனால் அந்தக் காற்றை மிக வேகமாக வீச வேண்டியிருக்கிறது. 2 கிலோ தள்ளுவிசை தரும் 70 மில்லிமீட்டர் விசிறியில் காற்று விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல், வெளியேறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதற்கான ஆற்றல் நான்கு மடங்காகும்.

இதனால்தான் 2 கிலோ எடையுள்ள சாதாரணப் புரொபெல்லர் விமானம் 500 வாட்டில் சுகமாகப் பறக்கும்போது, அதே எடையுள்ள ஜெட்டுக்கு 1,700 வாட் தேவைப்படுகிறது. புரொபெல்லர் விமானத்தில் மன்னிக்கப்படும் சின்னத் தவறு ஜெட்டில் மன்னிக்கப்படாது.

2. சங்கிலியின் கண்ணிகள்

விசிறி, மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, இணைப்பி, பேட்டரி. இவை ஐந்தும் ஒரே சங்கிலி. எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் அறுந்து போகும். பலரும் பயன்படுத்தும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 70 மில்லிமீட்டர் விசிறி, 6 செல் லிப்போ பேட்டரி, சுமார் 2 கிலோ எடையுள்ள நுரை விமானம்.

மோட்டார்: இதன் மேல் 'கேவி' என்று ஓர் எண் இருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 1,900 கேவி மோட்டாருக்கு 22.2 வோல்ட் கொடுத்தால் சுமார் 42,000 சுற்று. விசிறி மாட்டியதும் இது குறையும், ஆனாலும் வேகம் பயங்கரம்தான். விசிறித் தகட்டில் சின்னக் கீறல் இருந்தாலும் அதை மாட்டாதீர்கள்.

வேகக் கட்டுப்படுத்தி: 'இஎஸ்சி' என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். உங்கள் மோட்டார் 80 ஆம்ப் இழுத்தால் 80 ஆம்ப் கட்டுப்படுத்தி போதாது, 100 ஆம்ப் வாங்குங்கள். கால் பங்கு கூடுதலாக இருப்பது ஆடம்பரம் இல்லை. நம் ஊர் வெயிலில் அது அவசியம். அதைக் காற்று படும் இடத்தில் வையுங்கள், நுரைக்குள் புதைத்து வைக்காதீர்கள்.

இணைப்பி: 'எக்ஸ்டி60' வகையின் பெயரிலேயே 60 ஆம்ப் என்று இருக்கிறது. 80 ஆம்ப் ஓடும் இடத்தில் அது சூடாகும். 'எக்ஸ்டி90' அல்லது 'இசி5' போடுங்கள். பொறி பறக்காத வகை 'எக்ஸ்டி90' கிடைத்தால் இன்னும் நல்லது. கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் பாசார் பக்கமும், சிங்கப்பூர்க்காரர்கள் சிம் லிம் டவர் பக்கமும் ஒரு நடை போய் வந்தால் ஒயர், இணைப்பி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

ஒயர் எட்டவில்லையா? பேட்டரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே உள்ள ஒயரை நீட்டாதீர்கள். அது நீண்டால் வோல்ட் துள்ளும், கட்டுப்படுத்தியில் இருக்கும் கெபாசிட்டர் அடி வாங்கும். கட்டுப்படுத்திக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள மூன்று ஒயர்களை நீட்டுவதே மேல்.

3. பேட்டரிக் கணக்கு

லிப்போ செல் ஒன்றுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2. ஆகவே 6 செல் என்றால் பெயரளவில் 22.2, முழு சார்ஜில் 25.2 வோல்ட்.

பேட்டரியின் மேல் 4,000 எம்ஏஎச், 40சி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 எம்ஏஎச் என்பது 4 ஆம்ப்-மணி. அதை 40-ஆல் பெருக்கினால் 160. அதாவது 160 ஆம்ப் தருவேன் என்று லேபிள் சொல்கிறது. என் பழக்கம், அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. பாதி 80 ஆம்ப். நம் மோட்டார் கேட்பதும் 80. சரி, வாங்கலாம்.

ஆனால் இதையும் கேளுங்கள். என் ஜெட்டைக் கீழே தள்ளிய பேட்டரியில் 60சி என்று போட்டிருந்தது. பாதியாக்கினாலும் 120 ஆம்ப் வந்திருக்க வேண்டும். எண் எழுதுவது சுலபம், மின்சாரம் கொடுப்பதுதான் கஷ்டம். கணக்கு வாங்குவதற்கு மட்டும் உதவும். பறப்பதற்கு அளவீடு வேண்டும்.

அடுத்தது நேரம். பேட்டரியில் 80 விழுக்காடு மட்டும்தான் நம்முடையது. 4 ஆம்ப்-மணியில் 3.2. முழு த்ராட்டலில் 80 ஆம்ப் என்றால் 3.2-ஐ 80-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்: 2.4 நிமிடம்தான்! சராசரி 45 ஆம்ப் என்று பக்குவமாகப் பறந்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். முதல் சில தடவைகளுக்கு டைமரை மூன்று நிமிடத்தில் வையுங்கள்.

4. கட்டுப்படுத்தியில் மாற்ற வேண்டியவை

பிரேக்: அணைத்து வையுங்கள். குழல் விசிறிக்கு பிரேக் தேவையில்லை.

வோல்ட் குறைந்தால்: 'உடனே நிறுத்து' வேண்டாம், 'மெதுவாகக் குறை' என்று வையுங்கள். அன்று என் கட்டுப்படுத்தி மெதுவாகக் குறைத்திருந்தால் ஜெட்டை முழுசாகத் தரையிறக்கியிருப்பேன்.

டைமிங்: மோட்டார் தயாரிப்பாளர் சொன்னதை அப்படியே வையுங்கள். கூட்டினால் சத்தம் கூடும், சூடும் கூடும்.

த்ராட்டல் எல்லை: ரேடியோவின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கட்டுப்படுத்திக்குக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் குச்சியை முழுதாக ஏற்றினாலும் முழு வேகம் வராது.

ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதிக்கு 'பிஇசி' என்று பெயர். சக்கரத்தை மடக்கும் வசதியும் ஆறேழு செர்வோக்களும் இருந்தால் தனி பிஇசி போடுவது நல்லது. அப்படிப் போட்டால் கட்டுப்படுத்தியில் இருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் சண்டைதான் வரும்.

5. தரைச் சோதனை

தனியாகச் செய்யாதீர்கள், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கண்ணாடி போடுங்கள். கழுத்துக் கயிறு, தொளதொள சட்டை, விரித்த முடி எதுவும் வேண்டாம். முன்னால் இருக்கும் துணியையும் காகிதத்தையும் விசிறி உறிஞ்சிவிடும். விசிறிக்கு நேர் பக்கவாட்டிலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

இரண்டு: பேட்டரியை மாட்டும் முன் ரேடியோவைப் போடுங்கள், த்ராட்டல் கீழே இருக்க வேண்டும். லேசாக ஏற்றிப் பாருங்கள். காற்று முன்பக்கம் வந்தால் மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மூன்று: விமானத்தின் பின்புறத்தை ஒரு லக்கேஜ் தராசோடு கட்டி, தராசை அசையாத தூணில் கட்டுங்கள். பேட்டரிக்கும் கட்டுப்படுத்திக்கும் நடுவில் வாட் மீட்டரை மாட்டுங்கள். உங்கள் ஆம்ப்பை அந்த மீட்டர் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

நான்கு: முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் ஐந்தாறு விநாடி மட்டும் முழு த்ராட்டல். துணைக்கு நிற்பவர் எண்களை எழுதட்டும்.

என் இரண்டாவது ஜெட்டில், வேறு பேட்டரியோடு எழுதியவை: 22.2 வோல்ட், 78 ஆம்ப், 1,730 வாட், தள்ளுவிசை 2.1 கிலோ.

இதை எப்படிப் படிப்பது? ஆம்ப் 80-க்குள் இருக்கிறது, 100 ஆம்ப் கட்டுப்படுத்திக்குப் பிரச்சினை இல்லை. வோல்ட்டை 6-ஆல் வகுத்தால் செல்லுக்கு 3.7, பேட்டரி திடமாக இருக்கிறது. புது சார்ஜிலேயே 3.4-க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி ஜெட்டுக்கு ஆகாது. தள்ளுவிசை விமானத்தின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பறக்கும். புல் திடலில் ஓடிக் கிளம்ப, எடைக்குச் சமமாக இருந்தால் நிம்மதி.

தள்ளுவிசை குறைவா? உடனே பெரிய மோட்டாரைத் தேடாதீர்கள். காற்று நுழையும் வழி அடைத்திருக்கிறதா, குழலுக்குள் ஒயர் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

6. மேலே போன பிறகு

புரொபெல்லர் விமானத்தில் த்ராட்டல் ஏற்றியதும் வால் பகுதியில் காற்று அடிக்கும், விமானம் உடனே சொன்னபடி கேட்கும். ஜெட்டில் அந்தக் காற்று குழல் வழியே பின்னால் போய்விடும். விசிறி வேகம் எடுக்கவும் கொஞ்ச நேரம் ஆகும். ஆகவே தரையிறங்கும்போது த்ராட்டலை அடியோடு இறக்காதீர்கள். மறுபடி சுற்ற வேண்டும் என்று தோன்றினால் சீக்கிரமே முடிவு எடுங்கள். கடைசி நேரத்தில் ஏற்றினால் பலன் இல்லை.

இறங்கியதும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையில் பிடிக்க முடியாத சூடு ஆபத்து. செல்லுக்கு எத்தனை வோல்ட் மிச்சம் என்று அளங்கள். 3.75-க்கு மேல் இருந்தால் டைமர் சரி.

சார்ஜ் செய்யும்போது 4,000 எம்ஏஎச் பேட்டரிக்கு 4 ஆம்ப் போதும், பக்கத்திலேயே இருங்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடிபட்ட, உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

இடமும் முக்கியம். மலேசியாவில் பொது வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். நம் ஜெட் அதைவிடப் பல மடங்கு கனம். மூத்தவர்கள் இருக்கும் மாதிரி விமானக் கழகத்தில் சேர்ந்து, அவர்கள் திடலில் பறப்பதே நல்லது.

பயிற்சி

5,000 எம்ஏஎச், 25சி பேட்டரி. மோட்டார் முழு த்ராட்டலில் 90 ஆம்ப், சராசரியாக 60 ஆம்ப் இழுக்கும். இந்தப் பேட்டரியை வாங்கலாமா? எத்தனை நிமிடம் பறக்கலாம்?

விடை: 5-ஐ 25-ஆல் பெருக்கினால் 125 ஆம்ப், பாதி 62.5. மோட்டார் கேட்பது 90, ஆகவே வாங்க வேண்டாம். போதிய பலமுள்ள வேறு 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால், 80 விழுக்காடு 4 ஆம்ப்-மணி, 60 ஆம்ப்பில் 4 நிமிடம். டைமரை மூன்றில் வைத்துத் தொடங்குங்கள்.

என் இரண்டாவது ஜெட் இப்போதும் பறக்கிறது, கழகத் திடலில். அன்று மூக்கை எடுத்துக் கொடுத்த பையனும் அவன் அப்பாவும் சில வாரங்களில் எங்களோடு வருவார்கள். தராசில் எண்ணைப் படித்து உரக்கச் சொல்வது இப்போது அவன் வேலை. அவன் சொல்லி, நான் எழுதின பிறகுதான் விமானம் திடலுக்குள் போகும்.