மீன் தொட்டிக்கு மயில்துத்தம் கேட்டு வந்தால்

நமது உறுப்பினர்களில் பலர் கல்லாவுக்கு அருகே மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். கொளத்தூர் வண்ணமீன் சந்தை பக்கத்தில் இருப்பதால் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இந்த ஆசை அதிகம். நன்னீர் மீனில் கை பழகியவர்கள் கடல் மீனுக்கும் வந்துவிட்டார்கள். அந்தத் தொட்டிகளுக்கு நமது கடைகளிலிருந்து இரண்டு சரக்கு போகிறது. ஒன்று கல் உப்பு, மற்றது மயில்துத்தம்.

கோவில்பதாகையில் மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், சுமார் 100 லிட்டர் தொட்டியில் இரண்டு நிமோ மீனும் ஒரு கடல் இறாலும் வளர்த்து வந்தார். புதிதாக ஒரு நீல டேம்சல் வாங்கி நேரே தொட்டியில் விட்டார். ஐந்தாம் நாள் எல்லா மீன் மேலும் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளி. மயில்துத்தம் வாங்க நமது கிடங்குக்கு வந்து, "எவ்வளவு போடணும் அண்ணாச்சி?" என்றார். "ஒரு சிட்டிகை போடுங்க தம்பி" என்று நாமும் சொல்லிவிட்டோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டார். மறுநாள் இறால் உட்பட ஒன்றும் மிஞ்சவில்லை. சரக்கும் நம்முடையது, யோசனையும் நம்முடையது. அதன் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்தோம்.

வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் மருந்துதான். ஆனால் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம். மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம் என்று கணக்குப் போட்டாலும், 50 லிட்டருக்கு 40 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். இது நமது தராசில் நிற்காத எடை. சிட்டிகை என்பது அதற்குப் பல மடங்கு. கடையில் விற்கும் துத்தம் சுத்தமானது என்ற உத்தரவாதமும் இல்லை. ஆகவே வண்ணமீன் கடையில் விற்கும் தாமிர மருந்தை வாங்கி, இரண்டு நாளில் மெல்ல அளவை ஏற்றி, சோதனைக் கிட் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். இறாலும் பவளமும் இந்த அளவையே தாங்காது. கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவு நிற்காது. எனவே வைத்தியம் தனித்தொட்டியில்தான்.

நாம் புது அரிசி மூட்டையை வண்டு பார்க்காமல் பழைய அடுக்கோடு சேர்ப்பதில்லை. மீனுக்கும் அதே விதி. வெளிநாட்டிலிருந்து வரும் வன்னமி தாய் இறால்களை 2009 முதல் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. குழாய், பெரிய தொட்டியில் சில வாரம் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப், இவை போதும். புது மீன் 4 முதல் 6 வாரம் அதில் இருக்கட்டும்.

அவ்வளவு நாள் எதற்கு என்று கேட்பார்கள். புள்ளி 3 முதல் 7 நாளில் தானாகவே உதிரும். வாங்கியவர் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவார். உதிர்ந்த கிருமியோ அடித்தரையில் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, நாள் பல கழித்து வெளிவந்து மீனைத் தேடும். மீன் மேல் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தி வரும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கொல்லும். எனவே அளவு குறையாமல் குறைந்தது இரண்டு வாரம், கூடினால் மூன்று வாரம் மருந்து நிற்க வேண்டும். பெரிய தொட்டியை 6 முதல் 10 வாரம் மீன் இல்லாமல் விட வேண்டும். இறால் அங்கேயே இருக்கலாம்.

பொன் தூள் தூவியது போல் மினுங்கி, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். அதற்கும் தாமிரம்தான், ஆனால் ஓரிரு நாள் தாமதமே மீனைக் கொன்றுவிடும்.

கடிபட்ட மீன், வலையில் உரசிய மீன் இவற்றுக்கு முதல் மருந்து சுத்தமான நீரும் மங்கலான வெளிச்சமும். சிறு காயம் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். காயம் சிவந்து பரவினாலோ செதில் அழுகினாலோ கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கைப் போட வேண்டாம். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். தனித்தொட்டி சிறியது என்பதால் அம்மோனியா சீக்கிரம் ஏறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றி, புது நீருக்கும் அதே அளவு மருந்து சேர்க்க வேண்டும்.

கல் உப்பு விஷயம் சுருக்கம். கடல்நீர் உப்பில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம். மீதி மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம். சமையல் உப்பைக் கரைத்தால் அந்த மீதி வராது. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புதான் வேண்டும்.

கடல்குதிரை, பவளம் விற்பதாக யாராவது வந்தால் வாங்க வேண்டாம். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இப்போது மீனுக்கென்று மயில்துத்தம் கேட்டால், தொட்டி எத்தனை லிட்டர், இறால் இருக்கிறதா, சோதனைக் கிட் இருக்கிறதா என்று கேட்கிறோம். பதில் இல்லாவிட்டால் கொடுப்பதில்லை. அந்தத் தம்பி மறுபடி இரண்டு நிமோ வாங்கியிருக்கிறார். இன்னும் தனித்தொட்டியில்தான் இருக்கின்றன, நான்காவது வாரம்.