ஓர் ஓடுபாதைக்காக ஆறு மாதப் போர்

இரண்டாம் உலகப்போர் பாடத்தில் குவாடல்கனால் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். பெயரை மனப்பாடம் செய்வதோடு மாணவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே சற்று நின்று கற்பித்தால் பசிபிக் போரின் போக்கே விளங்கிவிடும்.

நமது சுவர் வரைபடங்களில் பசிபிக் பெருங்கடல் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே உள்ள சாலமன் தீவுகளில் ஒன்று குவாடல்கனால். 1942-இல் ஜப்பானியக் கடற்படை அங்கே விமானத்தளம் அமைக்கத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கப்பல் வழிக்கு என்ன ஆபத்து என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன் படையினர் கரையிறங்கினர். முடியும் தறுவாயில் இருந்த ஓடுபாதை மறுநாளே அவர்கள் வசமானது. ஜப்பானியர் விட்டுச்சென்ற இயந்திரங்களைக் கொண்டே மீதி வேலையை முடித்தார்கள். மிட்வே போரில் இறந்த விமானி லாஃப்டன் ஹெண்டர்சனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆகஸ்ட் 20-இல் போர்விமானங்கள் வந்திறங்கின.

மாணவர்களுக்கு விரிவாக விளக்கவேண்டிய இடம் இதுதான். ஓடுபாதை அமெரிக்கர் கையில் இருந்ததால், பகலில் ஜப்பானியச் சரக்குக் கப்பல்கள் தீவை நெருங்கினால் விமானங்கள் தாக்கின. இரவில் வேகமான நாசகாரிக் கப்பல்களில் வந்து, விடிவதற்குள் திரும்பியாக வேண்டும். அவற்றில் எவ்வளவு அரிசி ஏற்ற முடியும்? அக்டோபர் 13 இரவு கொங்கோ, ஹாருனா ஆகிய போர்க்கப்பல்கள் 900-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தும் தளத்தை நிரந்தரமாக முடக்க முடியவில்லை. ஜப்பானியர் அதைப் 'பட்டினித் தீவு' என்றே அழைத்தார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் பசியாலும் நோயாலும் மடிந்தபின், 1943 பிப்ரவரியில் எஞ்சியோர் வெளியேறினர்.

தீவு மக்களை நம் பாடங்கள் மறந்துவிடுகின்றன. ஓய்வுபெற்ற காவலர் ஜேக்கப் வூசா, ஜப்பானியரிடம் பிடிபட்டுக் கத்திக்குத்துக் காயங்களுடன் தப்பிவந்து, வரப்போகும் தாக்குதலை எச்சரித்தார்.

போருக்குப் பின் தலைநகர் துலாகியிலிருந்து, அமெரிக்க முகாம்கள் இருந்த ஹோனியாராவுக்கு மாறியது. ஹெண்டர்சன் தளம்தான் இன்றைய ஹோனியாரா பன்னாட்டு விமான நிலையம். பயணிகள் இறங்கும் அதே மண்ணிலிருந்து வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 2021 மே மாதம் ஹோனியாராவில் திறந்தவெளியில் தீமூட்டிச் சமைத்தபோது, அடியில் புதைந்திருந்த குண்டு வெடித்து உயிர்கள் பலியாயின.

இதைச் சொன்னபோது என் வகுப்பு மாணவி ஒருத்தி, “அந்தக் குண்டையெல்லாம் யார் சார் எடுக்கணும்? போட்டவங்கதானே?” என்றாள். அன்றைய பாடவேளையின் மிச்சம் அந்தக் கேள்விக்கே சரியாக இருந்தது.